கொசுவலை கட்டிய குழாய்

எல்கன் மலையடிவார ஆஸ்பத்திரியின் புதிய குழந்தைகள் வார்டை அமைச்சர் திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. முந்தின நாளே குழந்தைகளோடு வந்துவிட்ட தாய்மார்கள், கூரையில் ஓடிய தீயணைப்புக் குழாய்களில் கொசுவலைகளைக் கட்டியிருந்தார்கள்.

"வேலை முடிஞ்சாச்சு சிஸ்டர், கையெழுத்துப் போடுங்க," என்று வார்டில் முடிந்த வேலைகளின் பட்டியலை நீட்டினார் தலைமை டாக்டர் வமிம்பி.

"குழாயில தண்ணி வருதான்னு பாத்துட்டுப் போடறேன்," என்றாள் வார்டுப் பொறுப்பு நர்ஸ் நம்போசோ. வாழைக்காய் வேகவைத்த கரியடுப்பிலிருந்து பழைய வார்டு பற்றி எரிந்த அன்று, குழந்தைகளை அள்ளிவர மூன்று முறை உள்ளே போனவள் அவள்.

தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வராந்தாவில் வைத்திருந்த திருகுகுழாயின் அடியில் வாளியை வைத்துத் திறந்தாள். கொஞ்சம் துருவும் ஒரு சிலந்தியும் விழுந்தன.

"தண்ணித் தொட்டி அடுத்த வருஷம் வந்துடும். இன்னிக்கு என் மானத்த வாங்காதீங்க சிஸ்டர்."

"அதுவரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டிருக்குமா டாக்டர்?"

தாளை வாங்கி, 'தீயணைப்புக் குழாய்' என்ற வரியை அடித்தாள். 'கொசுவலை கட்டும் கம்பி, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இந்தாங்க. அமைச்சர மேடையில சத்தமா வாசிக்கச் சொல்லுங்க."