சித்தி ஆயிஷா தேர்ந்தெடுத்த சைலன்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய காருக்கு ‘நாதம்’ தேடுகிறாராம். சைலன்சரை மாற்றி மாற்றி மாட்டி என் தூக்கத்தைக் கெடுக்கிறார். நேரே போய்த் திட்ட எனக்குத் துப்பில்லை. அதனால் அவரைத் தூக்கி 1932-ஆம் வருஷத்துப் பினாங்கில் போட்டு, செய்யது மீராசா என்று பெயர் வைத்து, சூலியா தெருவில் ஒரு ஜவுளிக்கடையும் கொடுத்துவிட்டேன். எழுத்தாளனால் முடிந்த வீரம் இவ்வளவுதான்.

2

‘அந்தி வெயில் பொன்னாய் உருகி...’

[வேண்டாம். சைலன்சரைப் பற்றிப் பேச வந்தவனுக்கு அந்தி வெயில் எதற்கு?]

மீராசாவின் மனைவி சித்தி ஆயிஷா [‘சித்தி’ பெயரில் ஒரு பாதி, உறவுமுறை இல்லை] மாடி ஜன்னல் பலகைகளுக்குப் பின்னால் நின்றாள். அந்நிய ஆண்கள் முன் வராத வீட்டுப் பெண். தெருவைக் காதால்தான் பார்ப்பாள். மீ என்கிற நூடுல்ஸ் விற்பவன் தட்டும் மூங்கிலை வைத்தே எந்த முனையில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவாள். மாலையானால் மீராசா, “துறைமுகத்துல சரக்கு இறங்குது” என்று கிளம்பிவிடுவார். ஆர்கைல் ரோட்டில் ரொஸ்னா என்று ஒருத்திக்கு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார் என்று வளையல்காரி முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தாள். பொய்யா மெய்யா? போய்ப் பார்க்க வழியில்லை. சந்தேகம் ஆயிஷாவின் நெஞ்சை அரித்தது.

3

கீழே, மீராசாவின் பதினெட்டு வருஷப் பழைய காரின் அடியில் பட்டறைக்கார வைரவன் படுத்துக் கிடந்தான்.

“முதலாளி, சத்தத்த அடக்கத்தான்லா இத மாட்டுறது. நீங்க சத்தம் வேணும்னு கேக்குறீங்க.”

“சும்மா இரு தம்பி. கெரெத்தா வந்தா, மீராசா வர்றான்னு ஊரே எந்திரிச்சுப் பாக்கணும்.” [கெரெத்தா என்றால் மலாயில் கார்.]

முதல் சைலன்சர் இருமியது. இரண்டாவது முனகியது. மூன்றாவது சிங்கம்போல... [அடித்துவிட்டேன். மீராசாவுக்குச் சிங்கம் ஒரு கேடா?] மூன்றாவது தெருவையே உலுக்கியது.

மீராசா மாடியைப் பார்த்துக் கூவினார். “ஆயிஷா, எது நல்லாருக்கு?”

“மூணாவதுங்க. ரொம்பத் தூரம் கேக்கும்.”

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா தம்பி, என் வீட்டுல உள்ளவளுக்கு இருக்குற ரசனைய!”

பெண்டாட்டியைப் பலகைக்குப் பின்னால் நிறுத்தத் தெரிந்த மகானுபாவருக்கு, அங்கேயும் அவளுக்குக் காது உண்டு என்பது தோன்றவே இல்லை.*

(*இந்த இடத்தில் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வைக்கச் சொன்னார் நண்பர். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.)

4

அன்று மாலை கார் கிளம்பியது. துறைமுகம் கிழக்கே. சத்தம் மேற்கே போயிற்று. ஆயிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆர்கைல் ரோட்டுப் பக்கம் திரும்பி, ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. பிறகு சத்தமே இல்லை. தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தாள். அப்படியும் இன்னொரு முறை உறுமாதா என்று பலகையில் காதை வைத்துப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: அவள் அழுது மன்றாடுகிறாள். [சீ.]

முடிவு இரண்டு: பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு, நாகப்பட்டினத்துக்குக் கப்பல்... [கப்பல் டிக்கெட்டையும் அவர்தானே எடுத்துத் தர வேண்டும்!]

முடிவு மூன்று: மீராசா திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்து, பெருமையோடு கேட்டார்.

“சத்தம் எப்படி?”

“ஆர்கைல் ரோட்டுல ரொஸ்னா வீட்டு வாசல் வரைக்கும் நல்லாக் கேட்டுச்சுங்க,” என்று சோற்றைப் போட்டாள் ஆயிஷா.

மீராசா வாயைத் திறந்தார். நான் பேனாவை மூடிவிட்டேன். அந்த வாய்க்கு என்னால் ஒரு சொல்கூடத் தர முடியாது. அவருக்காகப் பரிந்து பேச உங்களில் யாராவது இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரே, நீங்களானாலும் சரி, ஒரு சமாதானம் எழுதிக் கொடுங்கள். சீக்கிரம். சோறு ஆறுகிறது.