அவள் எழுதிய ஒற்றை வரி

"நீங்க இங்கயே உக்காருங்கம்மா. அவங்க மட்டும் உள்ள வரட்டும்."

கதவருகே நின்ற உதவியாளர் சொன்னபோது அம்மா பாதி எழுந்திருந்தாள். பதினான்கு வருஷமாக எந்த டாக்டர் அறைக்குள்ளும் மகளுக்கு முன்னால் நுழைந்து பழகிய கால்கள், சொன்னவுடன் நின்றுவிடுமா? இன்னும் ஓரடி வைத்தாள். மகள் திரும்பிக் கையை நீட்டினாள்.

"ஃபைலைக் குடும்மா. நான் என்ன பாப்பாவா?"

அந்தக் கோப்பு மகள் கைக்குப் போவது இதுதான் முதல் தடவை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

குழந்தைகள் பிரிவில் சுவரெல்லாம் படம் இருக்கும். உயரம் பார்க்க ஓர் ஒட்டகச்சிவிங்கி. இரண்டு வருஷத்துக்கு முன்பே மகளின் தலை அதன் கொம்பைத் தாண்டிவிட்டது. "உனக்குப் போடக் கட்டில் இல்லடி, இடத்தைக் காலி பண்ணு" என்று அங்கிருந்த வயதான நர்ஸ் கேலி செய்வாள். இங்கே, பெரியவர்கள் பிரிவில், வெறும் சுவர். இருமும் ஆண்கள், கால் வீங்கிய பெண்கள். எல்லாரும் தங்கள் சீட்டைத் தாங்களே பிடித்திருந்தார்கள்.

நாலு வயதில், நெஞ்சில் தையல் பிரித்த அன்று குழந்தை கேட்டது, மறுபடி வெட்டுவார்களா என்று. ஓட்டையை அடைச்சாச்சு, இனி ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னாள். சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் டாக்டர் அவளிடம் விளக்கியிருந்தார்: உள்ளே ஒரு வால்வு கசியும், வளர்ந்தபின் இன்னொரு தடவை நெஞ்சைத் திறந்து அதை மாற்ற வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேச்சு வரும்போது நர்ஸ் குழந்தையைப் பொம்மை அறைக்குக் கூட்டிப் போய்விடுவாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். பதினைந்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். பரீட்சை முடியட்டும் என்றாள் அம்மா. பரீட்சைகளுக்கா பஞ்சம்?

போன மாதம் நர்ஸ் ஒரு படிவத்தை மகளிடம் நீட்டினாள். பெரியவர்கள் பிரிவுக்குப் போனால் அம்மா பேச்சு எடுபடாது, உன் கதையை நீயே எழுது என்றாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகள் எழுதியது ஒரே வரி: இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தது, அடைத்தாகிவிட்டது. "இவ்வளவுதானம்மா?" என்று கேட்டாள். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "அவ்வளவுதான்" என்றாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் வீட்டுக்குப் படியேறும்போது இரண்டாவது மாடி திரும்பும் இடத்தில் மகள் நின்றுவிடுகிறாள். போனைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குகிறாள். பின்னால் வரும் அம்மா கைப்பைக்குள் சாவியைத் தேடுகிறாள்.

உள்ளே இந்நேரம் என்ன பேச்சு நடக்கும்? டாக்டர் அந்த வரியைப் படிப்பார். யார் சொன்னது என்பார். அம்மாதான் என்பாள் மகள். அதற்குமேல் நினைத்துப் பார்க்க அம்மாவால் முடியவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது.

கதவு திறந்தது. மகள் வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். அழுத முகம் இல்லை. அது அம்மாவை இன்னும் பயமுறுத்தியது.

"எப்பலேர்ந்து தெரியும்மா உனக்கு?"

"தையல் பிரிச்ச அன்னைக்கு."

மகள் கோப்பை மடியில் நிமிர்த்தி வைத்தாள். "மாடிப்படியில நீ சாவி தேடுறப்பல்லாம் நினைப்பேன். சாவி என்கிட்டதானே இருக்கு, இவ எதைத் தேடுறான்னு."

"எப்பப் பண்ணணுமாம்?" அம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மகள் எழுந்துபோய், கவுன்ட்டரில் அதே படிவம் புதிதாக ஒன்று கேட்டு வாங்கினாள். நின்றபடியே குனிந்து எழுதத் தொடங்கினாள். கோப்பு அவளுடைய இடது கக்கத்தில் இருந்தது. அம்மாவுக்கு முதுகுதான் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் முதுகு. பக்கம் நிறைந்திருக்க வேண்டும். மகள் தாளைத் திருப்பிப் போட்டாள்.