பெட்ரோல் டேங்குக்குப் போட்ட பூட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்திருந்த காலம். நாமக்கல் நூல் வியாபாரி வெங்கடாசலம் தன் காரின் பெட்ரோல் டேங்குக்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். யாரைச் சந்தேகித்து அந்தப் பூட்டு என்று ராசாத்திக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் புருஷன் செங்கோடன்தான் அந்தக் காருக்கு டிரைவர்.

பூட்டிய பிறகும் பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே போனது. வாரா வாரம் வெங்கடாசலம் முன்னால் நின்று இரண்டு காலன் பெட்ரோல் ஊற்றச் சொல்வார், தன் கையாலேயே பூட்டுவார். மறுநாள் காலையில் முள் கீழே கிடக்கும். பெட்ரோல் போதாதென்று ஜலகண்டாபுரம் தறிக்காரர்களிடம் போகும் நடையைக்கூட நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் முள் அடிக்கோட்டிலேயே படுத்துவிட்டது.

"கள்ளச்சாவி வெச்சிருக்கறயாடா, செங்கோடா?"

"மாரியாத்தா சத்தியமா இல்லீங்க மொதலாளி. முள்ளுலதான் ஏதோ கோளாறு."

"முள்ளு பொய் சொல்லாதுங்கன்னு கார் வாங்கின அன்னைக்குச் சொன்னது ஆரு?"

சொன்னது செங்கோடன்தான். புதுக்காரின் பெருமையில் ஊருக்கே சொல்லியிருந்தான்.

"வெள்ளிக்கெழமை வேற டிரைவர் வாரான். அன்னைக்கே போலீசுக்கும் சொல்லிப்போடுவேன்."

ராசாத்தி தண்ணீருக்குப் போகுமுன்பே இந்தப் பேச்சு கிணற்றடிக்குப் போய்விட்டது. "ஏன் ராசாத்தி, உங்க ஊட்டு வெளக்குல ஊத்தறது சீமெண்ணெயா, பெட்ரோலா?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பெட்ரோலுதானுங்க அக்கா. நாளைக்குக் கொழம்பும் அதுலயே வெக்கறேன், வந்து சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு ராசாத்தி குடத்தைத் தூக்கினாள். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

செங்கோடன் இரண்டு நாள் காரோடு மல்லுக்கட்டினான். முள்ளுக்குப் போகும் கம்பியைக் கழற்றிச் சுரண்டிப் பார்த்தான். புதுக்கம்பி போட்டான். பாட்டரி முனைகளைத் தேய்த்தான். முள் அசையவில்லை. மிச்சமிருந்தது டேங்கு ஒன்றுதான். அதைத் திறக்க முதலாளி விடவில்லை. "தெறந்தா ஆவியாப் போயிரும். கூப்பன் உங்கொப்பனா குடுப்பான்?"

வியாழக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி உண்ணாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, உள்ள எவ்வளவு இருக்குதுன்னு அந்த முள்ளுக்கு எப்பிடித் தெரியுது?" என்று கேட்டாள் ராசாத்தி.

"டேங்குக்குள்ள பித்தளைக் குண்டு ஒண்ணு மெதக்கும். உள்ள வெறுங்காத்து. பெட்ரோல் ஏறுனா குண்டு ஏறும், குண்டு ஏறுனா முள்ளு ஏறும்."

"நீச்சல் பழகறப்ப இடுப்புல கட்டற சொரக்குடுக்கையாட்டவா?"

"அதேதான்."

ராசாத்தி ராசிபுரத்துப் பக்கம் பெரிய கிணற்றில் நீச்சல் பழகியவள். ஒருநாள் அவள் கட்டிய குடுக்கையில் மயிரிழை வெடிப்பு இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு தண்ணீர் உள்ளே ஏறி, மிதக்கவைக்க வேண்டிய குடுக்கையே அவளைக் கீழே இழுத்தது. கிணறு தளும்பத் தளும்பத் தண்ணீர். அவள் மட்டும் அடியில்.

"குண்டுல ஓட்டை உளுந்திருந்தா?" என்றாள்.

செங்கோடன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். "பித்தளையாச்சேன்னு அதை நெனைக்கவே இல்லியே, புள்ள!"

முதலாளி முன்னால் ராசாத்தியே பேசினாள். "நீங்களே பூட்டைத் தெறங்க. நீங்களே குச்சிய உட்டுப் பாருங்க. காஞ்சு வந்துச்சுன்னா நாங்க ரெண்டு பேருமே போலீசுக்கு நடந்து போறமுங்க."

வெங்கடாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை அவிழ்த்தார். ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். ஏறக்குறைய அவர் பிடித்த இடம்வரை நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். மோந்து பார்த்தார். திருட்டுப் போன பெட்ரோல் அத்தனையும் டேங்குக்குள்ளேயே இருந்தது.

"மூணு நடை வீணாப் போச்சேடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

செங்கோடன் திருகாணிகளைக் கழற்றிக் குண்டை வெளியே எடுத்தான். தேங்காய் பார்ப்பதுபோல் முதலாளியின் காதருகே ஆட்டினான். சளக் சளக் என்றது. அடுப்பிலிருந்து இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்த வெந்நீரில் அதை அமுக்கியதும், ஈயம் பற்றவைத்த ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஊசிமுனை ஓட்டை.

பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் அன்வர் பாட்சா குண்டைத் துளைத்துப் பெட்ரோலை வடித்தார். வாடை போகும்வரை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டு ஓட்டையையும் அடைத்தார். "கப்பலே ஓட்டலாம், போங்க" என்று கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை புது டிரைவர் பையும் கையுமாக வந்து நின்றபோது, செங்கோடன் குண்டை டேங்கில் மாட்டி முடித்துக் கார்ச் சாவியைத் திருப்பினான். முள் நடுங்கியது. கிளம்பியது. பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, நிறைகோட்டருகே போய் நின்றது. செங்கோடன் தெருவே திரும்பிப் பார்க்க ஹாரனை அடித்தான், விடாமல் அடித்தான். அவன் காலமாகி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் ராசாத்தியின் காதில் நின்றது அந்தச் சத்தம்தான்.

வெங்கடாசலம் வந்தவனைத் திருப்பி அனுப்பினார். "தப்பு என்னுதுதான், செங்கோடா. டேங்குச் சாவிய இனி நீயே வெச்சுக்க."

"சாவி மட்டும் எதுக்குங்க?" என்றாள் ராசாத்தி. "பூட்டையும் சேத்துக் குடுங்க."

"எடுத்துக்க, சாமி" என்று சிரித்தார் அவர்.

சாயங்காலம் முத்தாயம்மாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்தாள். "கோழிக்கூட்டுக்கு இத்தாப்பெரிய பூட்டா, ராசாத்தி?"

"பின்னே? பெட்ரோல் குடிச்சு வளந்த கோழியாச்சுங்களே, அக்கா!"