டெஸ்ட் சர்வர்

மென்பொருள் நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தபோது, அலுவலகக் கணினிகளைக் கவனிக்கும் சர்வர் அக்கா சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள். அலுவலகத்தில் கோப்புகளை வைத்திருக்கும் மென்பொருளில் ஓட்டை. உலாவியில் முகவரியைக் கொஞ்சம் மாற்றி அடித்தால் போதும், கடவுச்சொல் இல்லாமலே எந்தக் கோப்பையும் படித்துவிடலாம். பல இடங்களில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது எச்சரிக்கை. அவள் டப்பாவை மூடினாள்.

வேறு அலுவலகமென்றால் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது வெளியே போகும், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இது அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்கு வீடு பிடித்து ஒளித்து வைக்கிற இடம். யார் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது இந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

"மேடம், சர்வர இப்பவே நிறுத்தணும்" என்றாள், எல்லாவற்றுக்கும் பொறுப்பான வக்கீலம்மாவிடம்.

"கோர்ட்டுக்கு அனுப்ற பேப்பரெல்லாம் அதுலதானம்மா இருக்கு. சாயங்காலம் நிறுத்தலாமே?"

"அதுவரைக்கும் வீட்ட திறந்து போட்ட மாதிரி."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்து."

நிறுத்தி, ஓட்டையை அடைத்து, யார் யார் வந்து எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவுகளைப் பார்த்தாள். அந்நியர் யாரும் வந்து போன தடமில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவளுக்கு அடுத்த நொடியே தூக்கிவாரிப் போட்டது. டெஸ்ட் சர்வர்.

மென்பொருளின் புதிய பதிப்பை முதலில் சர்வரின் நகல் ஒன்றில் போட்டுப் பார்ப்பது வழக்கம்; அதுதான் டெஸ்ட் சர்வர். பொய்த் தகவலை வைத்துப் பார்த்தால் பிழை சிக்காது என்று அசல் கோப்புகளையே அதில் ஏற்றியிருந்தாள். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்க இந்தத் தொழில்காரர்களுக்கு மனசு வராது. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு அதன் பதிவைத் திறந்தாள். காலையில் யாரோ வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தால் யாரோ ஊர்பேர் தெரியாத திருடன் என்று நினைத்திருக்கலாம். எடுத்தது ஒரே ஒரு பெண்ணின் கோப்பு. புருஷனிடமிருந்து தப்பிப் போன மாதம் குழந்தையோடு வந்த தையல்காரி.

"என்னோட தப்பு மேடம்."

"அதெல்லாம் அப்புறம். அவளக் கூப்பிடு" என்ற வக்கீலம்மா தன் போனில் போலீஸைப் பிடித்தார்.

சர்வர் அக்கா தையல்காரியின் எண்ணை அழுத்தினாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ" என்றது குழந்தை.

"கண்ணு, அம்மாகிட்ட குடு."

"அம்மா வாசலுக்குப் போறாங்க. யாரோ பெல் அடிச்சாங்க."

"கதவத் திறக்க வேணாம்னு சொல்லு. ஓடு கண்ணு, ஓடிப்போய் சொல்லு."

போன் எதன்மேலோ விழுந்தது. சின்னக் கால்கள் ஓடின. தூரத்தில் தாழ்ப்பாள் உரசியது. போடுகிற சத்தமா எடுக்கிற சத்தமா என்று தெரியாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.