தொண்ணூற்றொன்பது சதவீதத் திருட்டு

குளத்து நண்டுகளை ஏழு வருடம் ஆராய்ந்து, சேற்றில் மூன்று ஜோடி செருப்பைத் தொலைத்து, கட்டைவிரலில் இரண்டு முறை கடி வாங்கி, முந்நூறு பக்கம் எழுதியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராகவே எனக்குத் தலை நரைத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை ஒன்று காலியானது. விண்ணப்பிக்க இரண்டே விதி. ஒன்று, ஆய்வேட்டை இணையத்தில் எங்கள் திறந்த நூலகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நல்ல விதிதான், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு, அதே ஆய்வேட்டைத் திருட்டுக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டு, பத்து சதவீதத்துக்கு மேல் காப்பி இல்லை என்று சான்று வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை ஏற்றினேன். புதன்கிழமை சோதித்தார்கள். இணையத்தில் திறந்து கிடப்பதையெல்லாம் மேய்கிற மென்பொருள் அது. என்னுடையதையும் மேய்ந்திருக்கிறது. தொண்ணூற்றொன்பது சதவீதம் திருட்டு என்று சிவப்பெழுத்தில் துப்பியது. மிச்ச ஒரு சதவீதம் கணவருக்கு நன்றி சொல்லும் மூன்று பக்கம். திங்கட்கிழமை எங்களுக்குள் சண்டை; செவ்வாய்க்கிழமை சமாதானமான வேகத்தில் சேர்த்தது.

ஆய்வுப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் ஓடினேன்.

“சார், அது என்னோடதுதான். பேரைப் பாருங்க, ஒரே பேர்.”

“பேரையும் சேர்த்தா காப்பி அடிச்சீங்க?”

அடக் கடவுளே!

“சரி, மூல ஆசிரியர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க” என்றார்.

அவர் மேசையிலேயே எழுதிக் கொடுத்தேன். என் விண்ணப்பத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே மேடம். கள்ளக் கையெழுத்து வேறயா?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. விசாரணைக் குழு போட்டார்கள். ஒரே தபாலில் எனக்கு இரண்டு கடிதம் வந்தது: குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒன்று, பாதிக்கப்பட்டவருக்கு ஒன்று. போனால், நாற்காலியும் இரண்டு போட்டிருந்தார்கள்.

குழுத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். “எங்களுக்குப் புரியாம இல்லம்மா. ஆனா கணினியில ‘அவங்கதான் இவங்க’ன்னு போட இடமே இல்ல. ‘ஒப்புக்கொண்டார்’, ‘மறுத்தார்’, ரெண்டே கட்டம். மறுத்தா விசாரணை ஆறு மாசம் ஓடும். விண்ணப்பம் நாளையோட முடியுது. ஒத்துக்கிட்டு, அவங்களும் மன்னிச்சுட்டா இன்னிக்கே சான்று.”

“நான் எழுதினதை நானே திருடினேன்னு எழுதணுமா சார்?”

“‘நான் எழுதினதை’ வேண்டாம். குழப்பும்.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். இந்த வேலையும் போனால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். பேனாவை எடுத்தேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து திருடியதை ஒப்புக்கொண்டேன். அந்த நாற்காலிக்கு மாறி மன்னித்தேன்.

“உங்களுக்குப் பெரிய மனசு” என்றார் தலைவர். “இனிமேலாவது இவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க.”

வேலை கிடைத்தது. கணவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். மறு மாதமே, குழுவின் ஆவணங்களும் திறந்த நூலகத்தில் ஏறின. ஒளிவுமறைவு கூடாதாம், ஏற்றியதை எடுக்கவும் கூடாதாம். நண்டுகளைப் படித்தவர்கள் பதினொரு பேர். என் ஒப்புதல் கடிதத்தைப் படித்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம்.

நேற்று, எட்டாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அம்மா அப்பா வேலையைப் பற்றி இணையத்தில் தேடிப் பேசச் சொல்லியிருந்தார்களாம்.

“நீ திருடினேன்னு உன் கையெழுத்தோட இருக்கும்மா. எல்லாரும் பார்த்துட்டாங்க.”

“திருடலடி. சத்தியமா அது நான் எழுதினது.”

“அப்புறம் ஏம்மா ஒத்துக்கிட்டே?”

மென்பொருள், கட்டம், விதி என்று என்னென்னவோ தொண்டை வரை வந்தது.

“வேலைக்காகடி” என்றேன்.

அவள் பையைக் கழற்றாமலே உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு, உண்மையிலேயே எதையோ திருடிவிட்டது போல இருந்தது.