முப்பது மில்லிசெக்கன்

ஹப்ஸா மூன்றாம் தடவையும் அளந்து பார்த்தாள். நான்கு மில்லிசெக்கன். போன கிழமை முப்பது நின்றது. கொழும்பிலிருந்து இரவலாக வந்த லேசர் நாளைக் காலை திரும்பிப் போகிறது. அதற்குள் முப்பதை மறுபடி காட்டாவிட்டால் இரண்டு வருட வேலையை யாரும் நம்பமாட்டார்கள்.

வடபுலத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்தின் அந்த ஆய்வுகூடத்தில், விரலளவு கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடியம் ஆவி அடைபட்டிருந்தது. லேசர் ஒளி அணுக்களையெல்லாம் ஒரே தாளத்தில் சுழலவைக்கும். அந்தத் தாளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் அவள் அளந்தாள். சுவரில் முட்டினால் தாளம் தப்பும். அதனால் குப்பியின் உட்புறம் மெழுகுப் பூச்சு. வெளிக்காந்தம் பட்டாலும் தப்பும். அதனால் சுற்றிவர மூன்று உலோக உறைகள்.

மெழுகை அவளும் ஆய்வுகூட உதவியாளர் பிரகலாதனும் சேர்ந்துதான் பூசினார்கள். ஒன்பது குப்பி பாழாகிப் பத்தாவது சரிவந்த அன்று இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் நிற்கிறது. அதற்கும் முந்தி, புத்தளத்திலிருந்து மாணவியாக வந்த முதல் நோன்பில், பரிசோதனையை விட்டு எழும்ப முடியாமல் இருந்தவளுக்கு, பாங்கு நேரம் பார்த்துப் பேரீச்சம்பழமும் பால்விடாத பிளேன்ரீயும் கொண்டுவந்து வைத்தவர் அவர். பெற்றோர் போர்க்காலத்தில் விட்டுப்போக நேர்ந்த இந்த ஊர் தன்னை அடையாளம் கண்டுகொண்டதாக அன்று தோன்றியது. அந்த மாலைகள் எவ்வளவு நீளமாயிருந்தன!

"உறையைத் திறப்பம் அண்ணை."

"திறக்கத்தான் வேணுமோ?" பிரகலாதன் தலையைச் சொறிந்தார்.

உள்ளே, குப்பியின் பக்கத்தில், நூலில் கட்டிய அச்சரக்கூடு, ஒரு தாயத்து, தொங்கியது.

"இதென்ன அண்ணை?"

"மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு முந்தநாள் நேந்து வைச்சனான், உம்மடை வேலை சரிவரோணும் எண்டு. செம்புதான் பிள்ளை! காந்தம் ஒட்டுதோ எண்டு பாத்துத்தான் வாங்கினனான்."

ஹப்ஸா சிறு காந்தமொன்றை நீட்டினாள். கூடு அசையவில்லை. அதை நூலில் கோத்திருந்த வளையம் டக்கென்று ஒட்டியது. இரும்பு.

"ஐயோ! வாற பொடிச்சியளின்ரை கொண்டையூசியைக்கூட வாசலிலை பறிக்கிற நானே..." அவர் முகம் கறுத்தது.

கோபம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. தனக்காகப் பிறர் கும்பிட்டதைக் குற்றமாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கூட்டைக் கைக்குட்டையில் பக்குவமாகப் பொதிந்து அவரிடம் கொடுத்துவிட்டு, உறைகளை மூடி அளந்தாள்.

"முப்பத்தொண்டு! ஆஞ்சநேயர் ஒண்டு கூடவே தந்திருக்கிறார் அண்ணை. நேத்தி என்ன?"

"ஒரு தேங்காய்" என்றார், தலை நிமிராமல்.

"அதை நான் வாங்கித் தாறன்."

மறுநாள் லேசரை அனுப்பிவிட்டு, அவருடன் போன மருதனார்மடம் சந்தையில் அவள் தேங்காய்களைக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"உது வேண்டாம் பிள்ளை, அழுகல். இவ்வளவு படிச்சும் ஒரு தேங்காய் பாக்கத் தெரியேல்லை!"

"ஓம், உங்களுக்கு வளையம் பாக்கத் தெரிஞ்ச மாதிரி."

பிரகலாதன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் காயை உடைத்துக் கும்பிட்டு வரும்வரை, ஹப்ஸா கோயிலுக்கு வெளியே அவருடைய செருப்புக்குக் காவல் நின்றாள்.