மற்றவர்கள் எல்லாம் பத்திரம்

காலை ஒன்பதரைக்குப் படகு கவிழ்ந்தது. பதினொன்றுக்குள் பயணிகள் விவரப் பக்கம் வேண்டும் என்று படகு நிறுவனத்திலிருந்து போன் மேல் போன். அவர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுத்த அந்தச் சின்ன ஆபீஸில், வேலை வந்து விழுந்தது அச்சுவின் தலையில்.

அச்சு என்பது ஆபீஸ் வைத்த பெயர். டெம்ப்ளேட் எழுதுவது அவன் வேலை. பக்கத்தை ஒரே ஒரு தடவை அச்சு மாதிரி எழுதிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்திலும் நிலவரம் வரவேண்டிய இடத்திலும் ஓட்டை விட்டுவிடுவான். மீதியை டெம்ப்ளேட் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து ஓட்டையில் நிரப்பி, கண்மூடித் திறப்பதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஹெச்.டி.எம்.எல். பக்கங்களைத் துப்பிவிடும்.

துறைமுகம் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒன்று என்றால் கரை சேர்ந்தாயிற்று. இரண்டு என்றால் மருத்துவமனை. மூன்று என்றால் தேடுகிறார்கள். அச்சு மளமளவென்று எழுதினான். இரண்டு வந்தால் ‘சிகிச்சையில் இருக்கிறார்’. மூன்று வந்தால் ‘தேடப்படுகிறார்’. மற்ற எதுவானாலும் ‘பத்திரமாக இருக்கிறார்’. நான்காவது ஒன்று வரும் என்று அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சாதாரண நாளாக இருந்திருந்தால் குடைச்சல் அக்கா விட்டிருக்க மாட்டாள். ஆபீஸின் டெஸ்டர் அவள். அச்சு செய்யும் ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமென்றே கோணல்மாணலாக எதையாவது போட்டுப் பார்ப்பாள். அது உடைந்ததும், ஊருக்கெல்லாம் ஒழுங்காக ஓடுகிற உன் பக்கம் என்னைக் கண்டால் மட்டும் ஏன் முறைக்கிறது என்று அவன் மேசைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வாள். இன்று அவள் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. அவள் கணவர் அந்தப் படகில் போயிருந்தார். எதிர்க்கரை ஆலையில் மெக்கானிக். தினம் அதே படகுதான்.

வீட்டுக்குப் போகச் சொன்ன மேலாளரிடம், அங்கே போய்ச் சுவரைப் பார்ப்பதற்கு இங்கே திரையைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சாப்பிடவில்லை. கணவரின் பக்கத்தில் ‘தேடப்படுகிறார்’ என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் புதுப் பட்டியல் வந்தது. எஞ்சின் ஓடியது. அந்தப் பக்கம் மாறியது.

‘பத்திரமாக இருக்கிறார்.’

அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு, அப்பா ஊறிப்போய் வருவார், அந்தப் பச்சை ஸ்வெட்டரைத் தேடி எடுத்து வை என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பியபோது, அச்சுவின் மண்டையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள்.

குட்டு வாங்கிய சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவன் கண் எண்ணிக்கையில் விழுந்தது. பத்திரம் என்ற வரிசையில் நூற்று முப்பத்தொன்றாக இருந்தது நூற்று ஐம்பத்துநான்காகியிருந்தது. ஒரே மூச்சில் இருபத்துமூன்று பேர். எந்த மீட்புப் படகு கொண்டுவந்தது? துறைமுகக் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“பன்னெண்டு மணிக்கு மேல உயிரோட யாரும் வரலையே தம்பி. அதுக்குத்தானே நாலாம் நம்பர் போட்டு அனுப்பினோம், பாக்கலையா?”

அச்சு பட்டியலைத் திறந்தான். இருபத்துமூன்று நான்குகள். பன்னிரண்டாவதாக மெக்கானிக்கின் பெயர்.

மேலாளர் காதோடு காதாகச் சொன்னார்: சத்தம் போடாமல் திருத்திவிடு, குடும்பங்களுக்கு நிறுவனம் சொல்லிக்கொள்ளும். திருத்தம் என்னவோ ஒரே வரிதான். ஆனால் அந்த வரியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இருபத்துமூன்று பக்கங்களிலும் அதுதான் போய் உட்காரும். பொத்தானைத் தட்டினால் துறைமுகத்துக்குப் போகிற அக்காவின் கைபேசியிலும் மாறும். தட்டாமல் இருந்தால் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருப்பார்கள். அச்சு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படிகளில் ஓடினான்.

அக்கா வாசலில் வண்டிக்காக நின்றிருந்தாள்.

“அக்கா, அந்தப் பக்கம் தப்பு.”

“எந்தப் பக்கம்?”

“நாலாம் நம்பர்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. நான் எழுதினது அதையும் பத்திரம்னு காட்டுது.”

நான்கு என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தாள்.

“அவரும் நாலா?”

ஆமாம் என்று தலையசைத்தான். வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“எத்தனை பேரு?”

“இருபத்துமூணு.”

“மாத்திட்டியா?”

“இல்லக்கா. உங்ககிட்ட சொல்லாம எப்படி... என்ன எழுதறதுன்னும் தெரியல.”

அவள் அவன் கையைப் பிடித்து உள்பக்கம் திருப்பினாள்.

“இங்க நிக்காதடா. மத்த வீட்டுலயும் சந்தோஷமா இருப்பாங்க.” குரல் தட்டையாக இருந்தது. “செத்துட்டார்னு போடாத. தனியா உக்காந்து படிக்கிறவ இருப்பா. முன்னாடி சொன்னது தப்பு, துறைமுகத்துலேர்ந்து கூப்பிடுவாங்க, பக்கத்துல யாரையாவது வச்சுக்கோங்கன்னு எழுது. போ.”

துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்டான். அவள் கையால் மாடியைக் காட்டினாள்.

மேலே போய் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். எஞ்சின் ஓடியது. நூற்று ஐம்பத்துநான்கு மறுபடி நூற்று முப்பத்தொன்றானது. ஆபீஸில் போன்கள் ஒவ்வொன்றாக அலறத் தொடங்கின.

அச்சு ஜன்னலுக்குப் போனான். கீழே, படியில், அவள் கைபேசியைக் கையில் எடுத்திருந்தாள். பக்கத்தைப் புதுப்பிக்க, விரலால் திரையைக் கீழே இழுத்தாள். படித்தாள். மறுபடியும் இழுத்தாள்.